கூடம் கோணல்தான்!

"ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்" என்றொரு பழமொழி நம்மிடம் உண்டு. தொழிலாளி ஒருவன் தன் கருவியைப் பற்றி முறையிடத் தொடங்கினால் போதும். எதிரில் இருப்பவர் எவராயினும் இந்தப் பழமொழியை எடுத்து அவன் வாயில் திணித்துவிடுவார். கடைக்காரர் சொல்வார், அதிகாரி சொல்வார், பயிற்சி நிலையத்துப் போதனாசிரியர் சொல்வார், உளியைக் கையால் தொட்டறியாத நம் போன்ற பேனாக்காரர்களும் சொல்வோம். இத்தனை தலைமுறையாக இதைச் சொல்லி வருகிறோமே, எவராவது ஒருவர் ஒரு நூலைக் கட்டி அந்தக் கூடத்தை அளந்து பார்த்ததுண்டா? அவள் சொன்னது உண்மையாக இருக்கக்கூடும் என்ற ஐயம் ஒருவருக்கேனும் எழுந்ததுண்டா?

மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளிலும், எழுவான்கரையிலும் படுவான்கரையிலும், இன்று ஓர் ஓடாவியோ மேசனோ இயந்திரம் திருத்துபவனோ கடைக்குப் போய் வாங்கிவரும் கைக்கருவிகளைப் பற்றித்தான் இக்கட்டுரை. மூலைமட்டம் என்று விற்கப்படுவதில் மூலை சரியில்லை. நீர்மட்டம் என்று விற்கப்படுவது மட்டம் காட்டுவதில்லை. உளி மரத்தை வெட்டுவதற்கு முன்னர் தானே மடங்குகிறது. ஸ்பனர் நட்டைத் திருப்புவதற்குப் பதிலாக அதன் மூலைகளை மழுக்கிவிட்டு வழுக்குகிறது. இவற்றைச் சிறு விடயங்கள் என்று கருதுவோருடன் நான் உடன்படவில்லை. இது கூலிக்காரனின் பையிலிருந்து நாள்தோறும் நடைபெறும் களவு. களவு கொடுப்பவனையே குற்றவாளி ஆக்குவதற்கு நாம் ஒரு பழமொழியையும் கைவசம் வைத்திருக்கிறோம்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். உணர்ச்சிவசப்படுகிறேன் என்று எவரும் சொல்லக்கூடாது.

ஒரு மூலைமட்டத்தின் அலகு 300 மில்லிமீற்றர் நீளம் என்று கொள்ளுங்கள். அதன் நுனி சரியான செங்கோணத்திலிருந்து ஒரேயொரு மில்லிமீற்றர் விலகி நிற்கிறது. கண்ணால் பார்த்தால் தெரியாது. ஆனால் அந்த மட்டத்தை நம்பி 900 மில்லிமீற்றர் அகலமான கதவு ஒன்றின் தலைப்பை வெட்டினால் பிழை 3 மில்லிமீற்றர். அதே கோணத்தை 2100 மில்லிமீற்றர் உயரமான நிலைக்கு நீட்டினால் பிழை 7 மில்லிமீற்றர். நம் தச்சர்களின் வழக்கில் ஒரு நூல் என்பது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு, அதாவது ஏறக்குறைய 3.2 மில்லிமீற்றர். 'நூல் பிசகாமல்' என்று பெருமையாகச் சொல்லும் மொழிக்குச் சொந்தக்காரர்கள் நாம். அந்த மொழியைப் பேசும் ஓடாவியின் கையில், இரண்டு நூலுக்கு மேல் பிசகுவதற்கென்றே செய்த கருவியை விலைக்குக் கொடுக்கிறோம். கதவு நிலையில் இடிக்கும்; பிணைச்சல் இழுக்கும்; மழைக்காலத்தில் மரம் ஊதும்போது கதவு அடியோடு மூடாது. வீட்டுக்காரர் ஓடாவியைக் கூப்பிட்டுக் கேட்பார். ஓடாவி தன் செலவில் மீண்டும் சீவிக்கொடுப்பான். அந்த அரைநாட் கூலியைத் திருடியவர் யார்? மூலைமட்டத்தைச் செய்தவரா, இறக்குமதி செய்தவரா, விற்றவரா? எவரும் இல்லை. 'ஓடாவிக்கு வேலை தெரியாது' என்பதோடு விசாரணை முடிந்துவிடும்.

மூலைமட்டத்தைச் சோதிக்க ஆய்வுகூடம் தேவையில்லை. நேரான விளிம்புள்ள பலகையொன்றில் மட்டத்தின் தடித்த பாகத்தை அணைத்துவைத்துக் கூரிய பென்சிலால் ஒரு கோடு கிழியுங்கள். பிறகு மட்டத்தை மறுபுறம் புரட்டி, அதே புள்ளியிலிருந்து இன்னொரு கோடு கிழியுங்கள். இரண்டு கோடுகளும் ஒன்றின்மேல் ஒன்று படிந்தால் மட்டம் சரி. விரிந்து போனால், அந்த விரிவு மட்டத்தின் பிழையைப் போல இரண்டு மடங்கு. நீர்மட்டத்துக்கும் இதே நியாயந்தான். ஒரு பரப்பில் வைத்துக் குமிழி நிற்கும் இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். முனைமாற்றி அதே இடத்தில் வையுங்கள். குமிழி பழைய இடத்திலேயே நிற்க வேண்டும். நின்றால் மட்டம் உண்மை பேசுகிறது. நகர்ந்தால் பொய் பேசுகிறது. கடையிலேயே இரண்டு நிமிடத்தில் செய்துவிடக்கூடிய சோதனைகள் இவை.

செய்து பார்த்தேன். நகரத்துக் கடையொன்றில் மூலைமட்டம் ஒன்றைக் கேட்டுவாங்கி, அவர்களுடைய விற்பனை மேசையின் விளிம்பிலேயே புரட்டிக் கோடு கிழித்தேன். கோடுகள் கோழிக்கால் போல் விரிந்தன. இரண்டாவதைக் கேட்டேன், அதுவும் அப்படியே, ஆனால் எதிர்ப்பக்கமாக. மூன்றாவதை எடுத்துத்தர விற்பனையாளர் மறுத்துவிட்டார். "ஐயா, இந்த விலைக்கு இவ்வளவுதான் வரும். வாங்குகிறவர்கள் யாரும் இப்படிப் பார்ப்பதில்லை" என்றார். நேர்மையான மனிதர். அவர் சொன்ன இரண்டு வாக்கியங்களிலும் இந்த நோயின் முழு வரலாறும் அடங்கியிருக்கிறது. முதலாவது வாக்கியம் பொய். இரண்டாவது வாக்கியம் உண்மை. பொய்யைப் பிறகு பார்க்கிறேன்.

அளவுநாடாவுக்கு வருவோம். ஐரோப்பிய விதிகளின்படி அளவுநாடாக்களுக்கு மூன்று வகுப்புகள் உண்டு. ஐந்து மீற்றர் நீளத்துக்கு முதலாம் வகுப்பில் 0.6 மில்லிமீற்றர், இரண்டாம் வகுப்பில் 1.3 மில்லிமீற்றர், மூன்றாம் வகுப்பில் 2.6 மில்லிமீற்றர் வரை பிழை அனுமதிக்கப்படும். வகுப்பை உரோம எண்ணில், ஒரு சிறு வளையத்துக்குள், நாடாவின் தொடக்கத்திலேயே அச்சிட்டிருப்பார்கள். நம் கடைகளில் தொங்கும் நாடாக்களைப் புரட்டிப் பாருங்கள். பலவற்றில் அந்த அடையாளமே இருக்காது. எத்தனை பிழை என்று உறுதி கூற எவரும் முன்வராத ஒரு பொருளை 'அளவு'நாடா என்ற பெயரால் விற்கிறோம். நாடாவின் முனையிலுள்ள கொக்கி சற்றே ஆடுவது பிழையன்று; கொக்கியின் தடிப்பை ஈடுசெய்வதற்காகவே அப்படி அமைக்கப்பட்டது. உள்ளளவு எடுக்கும்போது அது உள்ளே போகும், வெளியளவு எடுக்கும்போது வெளியே வரும். ஆனால் அந்த ஆட்டம் கொக்கியின் தடிப்புக்குச் சமமாக இருக்க வேண்டும். மலிவு நாடாவில் துளை தேய்ந்து, ஆட்டம் தன்னிஷ்டப்படி போகும். காலையில் எடுத்த அளவும் மாலையில் எடுத்த அளவும் வேறாகும்.

இனி உளி. உளிக்கு உயிர் அதன் உருக்கு. இரும்பில் காபன் மிகக் குறைவாயிருந்தால், எத்தனை முறை காய்ச்சி நீரில் தோய்த்தாலும் அது கடினமாகாது. நல்ல உளிக்கு ஏறக்குறைய 0.6 முதல் 1 சதவீதம் வரை காபன் வேண்டும். பழுக்கக் காய்ச்சித் தோய்த்தால் அது கண்ணாடிபோற் கடினமாகும், ஆனால் நொறுங்கும். ஆதலால் மறுபடி மெல்லச் சூடாக்கி, வைக்கோல் நிறம் வரும் பதத்தில், ஏறக்குறைய 220, 230 பாகை செல்சியசில் நிறுத்த வேண்டும். நம் கொல்லர்கள் வெப்பமானி இல்லாமலே நிறம் பார்த்துச் செய்த வேலை இது. நீலநிறம் வந்துவிட்டால் ஏறக்குறைய 300 பாகையைத் தொட்டாயிற்று, உருக்கு இளகிவிட்டது, அது வில்லுக்கு உதவும், உளி வாய்க்கு உதவாது. இவ்வாறு முறையாகச் செய்யப்பட்ட உளியின் வாய், ரொக்வெல் அளவில் 58 முதல் 62 வரை நிற்கும். முதிரைப் பலகையில் துளை போட்டாலும் நெடுநேரம் கூர் தாங்கும்.

கடையில் கிடைப்பது என்ன? பளபளவென்று வார்னிஷ் பூசிய பிடி, கண்ணைப் பறிக்கும் முலாம், அலகில் 'குரோம் வனேடியம்' என்று ஆங்கிலத்தில் பொறித்த எழுத்து. பொறிப்பதற்குச் சான்றிதழ் தேவையில்லை; ஓர் அச்சு இருந்தால் போதும். முதிரையை விடுங்கள், வேம்பில் நாலு துளை போடுவதற்குள் வாய் மடங்கிவிடும். மறுபடி தீட்டுக்கல், மறுபடி உளி, மறுபடி தீட்டுக்கல். பொறுமையிழந்தவன் கிரைண்டரில் பிடிப்பான், நுனி நீலமாகும், இருந்த கொஞ்ச உயிரும் போய்விடும். ஒரு நாளில் எத்தனை மணித்தியாலம் ஒருவன் மரத்தை வெட்டினான், எத்தனை மணித்தியாலம் உளியைத் தீட்டினான் என்று கணக்கெடுத்தால், வேலையின் கூலி எங்கே கரைகிறது என்பது புரியும். மழுங்கிய உளி கூரிய உளியைவிட ஆபத்தானது என்பது தொழில் தெரிந்த எவருக்கும் தெரியும். கூரியது வெட்டும் இடத்தில் வெட்டும். மழுங்கியதை அதிக பலத்தோடு தள்ள வேண்டும். வழுக்கினால் அது போய் நிற்கும் இடம் மறுகையின் உள்ளங்கை.

வாவியில் தொழில் செய்பவரின் பாடு இன்னும் மோசம். நம் கரையில் ஓடும் மோட்டார் சைக்கிள்களிலும் படகு இயந்திரங்களிலும் பெரும்பாலானவை ஜப்பானிய வடிவமைப்புகள். அவற்றின் நாற்கோண வெட்டுள்ள திருகாணிகள் நெடுங்காலமாக ஜப்பானிய நியமப்படி செய்யப்பட்டு வந்தவை. பார்வைக்கு அவை சாதாரணப் 'பிலிப்ஸ்' திருகாணி போலவே இருக்கும். ஆனால் வெட்டின் ஆழமும் அடிப்பகுதியின் வளைவும் வேறு. பிலிப்ஸ் திருகி அந்த வெட்டுக்குள் முழுமையாக இறங்காது. பலம் கொடுத்ததும் மேலெழும்பித் தலையைச் சுரண்டிவிடும். ஜப்பானிய நியமத் திருகி ஒன்றை வாங்கினால் இந்தத் தொல்லை தீரும். நம் நகரத்துக் கடைகளில் அதைக் கேட்டுப் பாருங்கள். அப்படியொன்று இருப்பதே தெரியாது என்பார்கள். வீதியிலும் வாவியிலும் இத்தனை ஜப்பானிய இயந்திரங்கள் ஓடும் ஓர் ஊரில், அவற்றைக் கழற்றுவதற்கான கருவி இல்லை! சுரண்டிய திருகாணியை வெட்டியெடுக்க இன்னொரு செலவு, இயந்திரம் கரையில் கிடக்கும் நாட்களுக்கு மீன் இல்லை, வருமானம் இல்லை.

அதற்கு மேல் உப்புக்காற்று. கடலும் வாவியும் இருபக்கமும் சூழ்ந்த நிலத்துண்டில் வாழ்கிறோம். முலாம் மெல்லியதாக இருந்தால் ஒரு மாரிகாலத்தில் உரிந்துவிடும். உரிந்த இடத்தில் துரு ஏறும். குறட்டின் அச்சு இறுகும். ஸ்பனரின் வாய் துருவினால் அரித்து மேலும் அகலும். அகன்ற வாய் நட்டின் ஆறு முகங்களையும் பற்றாமல் மூலைகளை மட்டும் பற்றும், மூலைகள் மழுங்கும். ஒரு பிழை மற்றொரு பிழையைப் பெற்றுப் பெருகுகிறது.

'எல்லாம் சீனச் சாமான், வேறெப்படி இருக்கும்?' என்று எளிதாகச் சொல்லிவிட்டுப் போகிறவர்கள் இருக்கிறார்கள். இதைவிடச் சோம்பேறித்தனமான விளக்கம் வேறில்லை. ஜேர்மனியிலும் இங்கிலாந்திலும் கனடாவிலும் கடைகளில் விற்கப்படும் கருவிகளில் பெருந்தொகையானவை சீனாவில் செய்யப்பட்டவைதான். அவை மூலைமாறிப் போவதில்லை. தொழிற்சாலை தான் கேட்கப்பட்டதைச் செய்கிறது. 'இத்தனை கடினம், இத்தனை நேர்த்தி, இத்தனை சோதனை' என்று எழுத்தில் கேட்டு, அதற்குரிய விலையையும் கொடுப்பவருக்கு அதற்கேற்ற கருவி போகிறது. 'எது மலிவோ அதைக் கொள்கலனில் நிரப்பு' என்பவருக்கு அதற்கேற்ற குப்பை வருகிறது. குற்றம் சீனத் தொழிலாளியின் கையில் இல்லை. கொழும்பில் குளிரூட்டிய அறையில் அமர்ந்து கொள்வனவுக் கட்டளை எழுதும் பேனாவில் இருக்கிறது. அந்தப் பேனாவுக்கு ஓர் அச்சமும் இல்லாமற் செய்திருக்கும் அரசிடத்தில் இருக்கிறது.

அரசு ஒன்றும் செய்யவில்லையா என்றால், சட்டங்களுக்குக் குறைவில்லை. இலங்கையில் 1964 முதல் நியமங்களுக்கென ஒரு நிறுவனம் இருக்கிறது. 1984ஆம் ஆண்டின் 6ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் அது இலங்கைக் கட்டளைகள் நிறுவனமாகத் தொடர்கிறது. அளவீட்டு அலகுகள், நியமங்கள், சேவைகள் பற்றி 1995ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. நுகர்வோரைக் காக்க 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. சந்தையில் மீன் நிறுப்பவரின் தராசுக்கு முத்திரை இல்லையென்றால் அவர் நீதிமன்றப் படியேற வேண்டும். நியாயந்தான்; கால் கிலோ மீனில் ஏமாறக்கூடாது. ஆனால் ஒரு வீட்டின் சுவரையும் கதவையும் கூரையையும் தீர்மானிக்கும் நீர்மட்டத்தையும் மூலைமட்டத்தையும் கடைத்தட்டில் வந்து புரட்டிப் பார்க்கும் அதிகாரி ஒருவரை நான் கண்டதில்லை. தராசு பொய் சொன்னால் குற்றம், மட்டம் பொய் சொன்னால் வியாபாரம்!

இந்த நிலைக்கு நாம் எப்படி வந்து சேர்ந்தோம்? எழுபதுகளின் முற்பகுதியில் இறக்குமதிக் கட்டுப்பாடு இருந்தது; நல்லதும் வரவில்லை, கெட்டதும் வரவில்லை. இருந்த கருவியைத் தந்தையிடமிருந்து மகன் வாங்கி, தேய்ந்ததைத் தோய்த்துப் பயன்படுத்தினான். 1977இல் கதவு திறந்தது. ஆனால் கதவருகே தரம் பார்க்க ஒருவரையும் நிறுத்தவில்லை. 1978 நவம்பர் 23ஆம் திகதிச் சூறாவளி மட்டக்களப்பைப் பிய்த்தெறிந்தது. பல குடும்பங்களின் பட்டறைகளும் போயின. அதன்பின் போர். இடம்பெயர்ந்தோர் எதைத் தூக்கிக்கொண்டு போவார்கள்? குழந்தையை, பாயை, பாத்திரத்தை. கருவிப்பெட்டி பாரமானது, அதை விட்டுவிட்டுப் போனார்கள். 2006, 2007இல் வாகரையிலிருந்தும் படுவான்கரையிலிருந்தும் நகரத்தை நோக்கி ஓடிவந்த மக்களிடையே, தந்தையின் சீவுளியையும் வாளையும் இழந்த ஓடாவிகள் எத்தனை பேர் என்று எந்த அறிக்கையும் எழுதப்படவில்லை. வீடுகள் எண்ணப்பட்டன, கால்நடைகள் எண்ணப்பட்டன, உளிகளை எவரும் எண்ணவில்லை.

இடையில் 2004 டிசம்பர் 26. நாவலடியும் கல்லடியும் டச்பாரும் கண்ட அழிவை இங்கே மீண்டும் எழுதப்போவதில்லை. அதன்பின் வந்த உதவியைப் பற்றி மட்டும் சொல்கிறேன். படகுகள் வந்தன. அவசர அவசரமாக வார்க்கப்பட்ட அந்தக் கண்ணாடியிழைப் படகுகளில் கடலுக்கு ஏற்ற தரமில்லாதவையும் கலந்திருந்தன என்று ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய அமைப்பே எச்சரிக்க நேர்ந்தது. படகைப் பற்றியாவது எச்சரிக்கை வந்தது. அதே காலத்தில் 'வாழ்வாதார உதவி' என்ற பெயரில் வந்த கருவிப்பெட்டிகளைப் பற்றி எவர் எழுதினார்? பெட்டியின் மேல் ஒட்டிய சின்னம் பெரிதாகப் பெரிதாக உள்ளேயிருக்கும் உருக்கு மெலிந்துகொண்டே போயிற்று. மேடை, மாலை, புகைப்படம், பயனாளியின் கையொப்பம். உள்ளேயிருந்த வாள் பத்து நாளில் பல் இழந்தது. அறிக்கையில் அது 'நிறைவேறிய இலக்கு'.

அந்தக் காலம் முடிந்துவிட்டது என்று எண்ண வேண்டாம். தொழிற்பயிற்சி முடித்து வெளிவரும் இளைஞர்களுக்கு இன்றும் கருவிப்பெட்டி வழங்கப்படுகிறது. கேள்விப்பத்திரம் கோரப்படும். 'உளி – 4, மூலைமட்டம் – 1, நீர்மட்டம் – 1' என்று பட்டியல் இருக்கும். என்ன உருக்கு, என்ன கடினம், எவ்வளவு பிழை அனுமதி என்ற வரி ஒன்றும் இருக்காது. குறைந்த விலை கோரியவர் வெல்வார். வெல்லத்தானே வேண்டும்? தரத்தைச் சொல்லாத பட்டியலில் நல்ல கருவி கொடுப்பவன் முட்டாள். தேசிய தொழிற்றகைமைச் சான்றிதழில் அந்த இளைஞனின் திறமைக்கு மட்டம் எழுதுகிறோம். அவன் கையில் கொடுக்கும் மட்டத்துக்கு ஒரு மட்டமும் இல்லை.

இனி, விற்பனையாளர் சொன்ன முதலாவது வாக்கியத்துக்கு வருகிறேன். 'இந்த விலைக்கு இவ்வளவுதான் வரும்.' ஏழைத் தொழிலாளியால் நல்ல கருவி வாங்க முடியாது, ஆதலால் மலிவானதை விற்பது அவனுக்குச் செய்யும் உபகாரம் என்பது இதன் பொருள். கேட்க இனிமையாக இருக்கிறது. உதாரணத்துக்கு ஒரு கணக்குப் போடுவோம். 800 ரூபா உளி ஆறு மாதம் தாங்குகிறது. 4000 ரூபா உளி பத்து வருடம் தாங்குகிறது என்று கொள்ளுங்கள். பத்து வருடத்தில் மலிவு உளிக்கு 16,000 ரூபா. தீட்டுவதில் போன நேரம், பிளந்த பலகை, மனம் மாறிப்போன வாடிக்கையாளர் ஆகியவை இந்தக் கணக்கில் சேரவில்லை. மலிவுக் கருவி வறியவனுக்கான கருவியன்று. வறியவனை வறியவனாகவே வைத்திருக்கும் கருவி. 2022இல் ரூபா சரிந்து, மார்ச் மாதத் தொடக்கத்தில் ஏறக்குறைய 200 ரூபாவாக இருந்த டொலர் மே மாதத்தில் 360 ரூபா அளவுக்கு ஏறியபின் இது இன்னும் கொடிதாயிற்று. குப்பையின் விலையும் ஏறிவிட்டது. குப்பை மட்டும் குப்பையாகவே இருக்கிறது. தவணைக் கடனில் வாங்கிய கருவி, தவணை முடிவதற்குள் உடைந்துபோகிறது.

சமனலவெவவில் நம் தீவின் பண்டை மக்கள் பருவக்காற்றையே துருத்தியாகக் கொண்டு இரும்புருக்கிய உலைகளைப் பற்றி 1996இல் 'நேச்சர்' ஆய்விதழ் வெளியிட்டதையும், தென்னாட்டு உருக்கைப் பரடேயே ஆராய்ந்தார் என்பதையும் எடுத்துக்காட்டிப் பெருமைகொள்வோர் நம்மிடையே உண்டு. இரண்டும் உண்மை. பெருமைப்படுவதில் தவறில்லை. ஆனால் அந்தப் பெருமையால் ஒரு பலகையில் ஒரு துளை போட முடியாது. மூதாதையர் உருக்கு உலகப் புகழ்பெற்றது என்று மேடையில் முழங்கிவிட்டுக் கீழிறங்கி, மேடை போட்ட தச்சனுக்கு மடங்கும் உளியைக் கொடுக்கும் சமூகம் மூதாதையரைப் போற்றவில்லை, கேலி செய்கிறது.

இங்கிலாந்தில் 1841இல் ஜோசப் விற்வேர்த் என்பவர் திருகாணிப் புரிகளுக்கு ஒரு பொது அளவை முன்வைத்தார். அதுவரை ஒரு பட்டறையின் நட் இன்னொரு பட்டறையின் போல்ட்டில் ஏறாது. அவரே தட்டையான இரும்புத் தட்டுகளை மூன்று மூன்றாக ஒன்றோடொன்று ஒப்பிட்டுச் சுரண்டி, உண்மையான தட்டைப் பரப்பைப் பெறும் முறையையும் பரப்பினார். இரண்டு தட்டுகளை மட்டும் ஒப்பிட்டால் ஒன்று குழிந்தும் மற்றது குவிந்தும் இருந்தாலும் பொருந்திவிடும். மூன்றாவது சாட்சி வந்தால்தான் பொய் வெளிப்படும். நுட்பம் என்பது தனியொருவரின் கைத்திறன் மட்டுமன்று. ஒப்பிட்டுப் பார்க்க ஓர் ஒழுங்கும் அதைக் கட்டாயப்படுத்தும் ஒரு சமூகமும் வேண்டும் என்பதற்கு இது சான்று. 1924இல் கட்டிய நம் பழைய கல்லடிப் பாலத்தின் இரும்புச் சட்டங்களைப் பாருங்கள். ஒவ்வொரு துளையும் அடுத்த சட்டத்தின் துளைக்கு நேரே விழுந்ததனால்தான் நூறாண்டு கடந்தும் அது நிற்கிறது. 'கொஞ்சம் முன்பின் இருந்தால் என்ன?' என்று எவரேனும் சொல்லியிருந்தால் அது வாவிக்குள் கிடந்திருக்கும்.

கைத்திறன் குறைந்துவிட்டது என்ற குற்றச்சாட்டும் உண்டு. படுவான்கரை மேசன் ஒருவர் வேலை செய்வதைப் பார்த்துவிட்டு அதைச் சொல்லுங்கள். கடையில் வாங்கிய நீர்மட்டத்தை அவர் நம்புவதில்லை. தெளிவான பிளாஸ்டிக் குழாயில் நீரை நிரப்பி, குமிழிகளை வெளியேற்றி, இரு முனைகளையும் இரு மூலைகளில் பிடித்துப் பார்க்கிறார். நீர் பொய் சொல்லாது என்பது வாவிக்கரையில் பிறந்தவருக்குத் தெரியும். மூலை பிடிக்க மூன்றடி, நான்கடி, ஐந்தடிக் கயிற்றை இழுத்துச் செங்கோணம் காண்கிறார். செங்குத்துக்குக் குண்டுநூல் தொங்கவிடுகிறார். கருவி கைவிட்ட இடத்தில் கணிதத்தால் தப்பிக்கும் மனிதரைத் திறமையற்றவர் என்பதா? ஆனால் அந்தத் திறமை கட்டடத்தை அழகாக்குவதற்குச் செலவாக வேண்டியது. கருவியின் பொய்யைத் திருத்துவதற்குச் செலவாகிறது. அவருடைய மகன் இதைப் பார்த்து வளர்கிறான். கட்டாருக்கு விமானம் ஏறுகிறான். வீட்டுக்கு வேண்டிய கட்டிலும் அலுமாரியும் வெளிமாவட்டத்திலிருந்து லொறியில் வந்து இறங்குகின்றன. பின்னர் நாம் கூடிப் பேசுகிறோம், நம் கைத்தொழில் அழிகிறதே என்று.

குறை சொல்வதோடு நிறுத்திக்கொள்ளும் வழக்கம் எனக்கில்லை. பத்திரிகைத் தொழில் அதைக் கற்றுத்தரவில்லை. ஆகவே சில கோரிக்கைகள்.

அரச நிறுவனங்களும் தொண்டு நிறுவனங்களும் கருவிப்பெட்டிக்குக் கேள்விப்பத்திரம் கோரும்போது, உளி வாயின் கடினம், மூலைமட்டத்தின் பிழை அனுமதி, நாடாவின் வகுப்பு ஆகிய மூன்றையும் எழுத வேண்டும். வந்த பெட்டிகளில் சிலவற்றை எழுமானமாகத் திறந்து, வழங்குவதற்கு முன்னரே சோதிக்க வேண்டும். தவறினால் முழுத் தொகுதியையும் திருப்பியனுப்ப வேண்டும். இதற்குப் புதுச் சட்டம் தேவையில்லை. ஒரு பக்கக் கடதாசி போதும்.

மட்டக்களப்புத் தொழில்நுட்பக் கல்லூரி போன்ற ஒரு நிலையத்தில், நம்பத்தகுந்த மூலைமட்டம் ஒன்றையும் நீர்மட்டம் ஒன்றையும் பெட்டியில் பாதுகாத்து வைத்து, வாரத்தில் ஒரு நாள் எந்தத் தொழிலாளியும் தன் கருவியைக் கொண்டுவந்து ஒப்பிட்டுப் பார்க்க வழி செய்ய வேண்டும். விற்வேர்த் சொன்ன மூன்றாவது சாட்சி இதுதான்.

கடைக்காரர்கள் தம் விற்பனை மேசையில் நேரான விளிம்புள்ள ஒரு பலகையையும் ஒரு பென்சிலையும் வைக்கட்டும். 'புரட்டிப் பார்த்து வாங்குங்கள்' என்று ஒரு அட்டை எழுதித் தொங்கவிடும் முதற் கடைக்குக் கூட்டம் தானாக வரும்.

கடைசியாக, உலகெங்கும் பரந்து வாழும் வாசகர்களுக்கு. ஊருக்கு நீங்கள் அனுப்பும் பணத்தில் பாடசாலை வளைவுகளும் கோயில் மணிக்கூடுகளும் எழுகின்றன, எழட்டும். ஆனால் நீங்கள் வாழும் நாடுகளில், ஓய்வுபெற்ற தச்சரின் வீட்டுக் கொட்டகையிலும் பழஞ்சாமான் சந்தையிலும், ஷெஃபீல்டிலும் சோலிங்கனிலும் செய்த உளிகளும் சீவுளிகளும் துருப்பிடித்துக் கிடக்கின்றன. இங்கிலாந்தில் 1979 அளவில் தொடங்கிய 'டூல்ஸ் ஃபோர் செல்ஃப் ரிலையன்ஸ்' என்னும் தொண்டு அமைப்பு, இத்தகைய பழைய கருவிகளைச் சேர்த்து, துரு நீக்கித் தீட்டி, ஆபிரிக்க நாடுகளின் தொழிலாளருக்கு அனுப்பும் பணியைப் பல்லாண்டுகள் செய்து வந்திருக்கிறது. வெள்ளைக்காரத் தாத்தாக்கள் ஆபிரிக்க ஓடாவிக்குச் செய்ததை, இலண்டனிலும் டொரன்ரோவிலும் சூரிச்சிலும் உள்ள மட்டக்களப்பார் தம் சொந்த ஓடாவிக்குச் செய்ய முடியாதா? ஊருக்கு வரும்போது பெட்டியில் இனிப்புக்குப் பக்கத்தில் ஒரு நல்ல உளி, ஒரு நல்ல மூலைமட்டம். பாரம் ஒரு கிலோவுக்கு உட்பட்டது. ஆயுள் ஒரு தலைமுறை.

ஆடத் தெரிந்தவர்கள் நம்மிடம் இருக்கிறார்கள். கூடத்தை நேராக்குவது அவர்கள் வேலையன்று, நம் வேலை. அதைச் செய்து முடிக்கும் வரையில், அந்தப் பழமொழியைத் தயவுசெய்து எவரும் என் முன்னால் சொல்ல வேண்டாம்.